கூடையிலிருந்து எடுத்தவள்

"பார்த்தியா, பார்த்தியா... மொத்தமா அள்ளுறா!"

பக்கத்துக் கட்டில் டீச்சரம்மாவின் குரல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. கீமோ ஏறும்போது எனக்கு எல்லாமே அப்படித்தான். பாட்டிலில் மருந்து ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டு விழுவதற்குள் நான் ஏதோ ஒரு ஊருக்குப் போய்த் திரும்பி வந்திருப்பேன்.

கஷ்டப்பட்டுக் கண்ணைத் திறந்தேன்.

வார்டு துடைக்கிற அக்கா. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, நர்ஸ் மேஜைக்குப் பக்கத்துக் கூடையில் இருந்த தொப்பிகளைத் தன் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

தையல் படிக்கிற பிள்ளைகள் எங்களுக்காகத் தைத்து அனுப்புகிற பருத்தித் தொப்பிகள். முடி கொட்டினவர்கள் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். எதிர்க்கடையில் விற்கிறது எல்லாம் எங்கள் கைக்கு எட்டாது.

காலையில் வரும்போதே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். கருநீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில், போகும்போது எடுத்துக்கலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது அதுவும் பைக்குள் போனது.

எனக்கு இன்றைக்கே வேண்டும். என் மகளுக்கு நாலு வயசு. என் முடியை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். மிச்சம் இருந்ததையும் நேற்று மழித்தாயிற்று. சித்தி வீட்டில் இருப்பவள் சாயங்காலம் வருகிறாள். இந்தத் தலையைப் பார்த்தால் என்னிடம் வருவாளோ, மாட்டாளோ.

"ஏம்மா, ஓசின்னா உனக்கு எத்தனை தலை?" டீச்சரம்மா சத்தமாகவே கேட்டாள்.

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "அது வந்துங்கம்மா..."

"வந்து என்ன, போயி என்ன? சந்தையில விக்கப் போறியா, சொந்தக்காரங்களுக்கு மொய் வைக்கப் போறியா?" என்னைப் பார்த்துத் திரும்பினாள். "நீயும்தான் சொல்லேன். வாயைத் தச்சா வச்சிருக்கு?"

"அக்கா... ஒண்ணே ஒண்ணு. அந்த நீலம்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நாலு நாள் பொறுக்க மாட்டியா கண்ணு? நானே கொண்டாந்து தரேன்."

"கேட்டீங்களா! ஓசித் தொப்பிக்குத் தவணை சொல்றா!"

வார்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு மின்விசிறியோடு சேர்ந்து மேலே சுற்றிச் சுற்றி வந்தது.

"இன்னைக்கே வேணும்க்கா. பாப்பா வருவா."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு நீலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ரொம்ப நேரம் போடாத."

"குடுக்கிறதுக்குச் சட்டம் வேற!" என்றாள் டீச்சரம்மா. "நர்ஸ் வரட்டும், சொல்றேன் உன்னை."

அக்கா மீதித் தொப்பிகளோடு வெளியே போய்விட்டாள். சொல்லத்தான் வேண்டும் என்று நானும் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் மகள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். என் தலையையே பார்த்தாள்.

"அம்மா, வானத்தையா கட்டிட்டு வந்திருக்க?"

"ஆமாடி தங்கம். கிட்ட வந்து எண்ணிப் பாரு, எத்தனை நட்சத்திரம்னு."

வந்தாள். பதினொன்று வரை எண்ணினாள், அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். தொப்பியின் ஓரத்தைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

எனக்குத்தான் தலை எரிந்தது. உச்சியில் எறும்பு ஊர்கிற மாதிரி, காது ஓரத்தில் நெருப்பை வைத்த மாதிரி. மருந்துச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். கழற்றினால் விழித்துக்கொள்வாள். ஒரு வாரமும் அவள் தூங்குகிற போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். வலிதான். ஆனாலும் அந்தச் சின்ன மூச்சு கழுத்தில் படும்போது நானும் அவளோடு எங்கோ மிதந்துகொண்டிருப்பேன்.

அடுத்த வாரம் சீக்கிரமே போய்விட்டேன். ஜன்னல் வெயில் அப்போதுதான் தரையில் இறங்கியிருந்தது. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு, பையிலிருந்து தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் போட்ட போடுல மொத்தமும் திரும்பி வந்துடுச்சு பார்!" டீச்சரம்மா என் காதில் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அக்கா நேராக என் கட்டிலுக்கு வந்தாள். காது ஓரத்துச் சிவப்பைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"கழட்டு அதை. அப்பவே பயந்தேன்."

கையோடு வேறொரு தொப்பியை என் தலையில் மாட்டினாள். மாட்டினது மாதிரியே இல்லை. மகளுடைய கன்னத்தை வைத்த மாதிரி இருந்தது. ஒரு வாரத்து எரிச்சல் அப்படியே அடங்கியது.

"கஞ்சி போட்ட புதுத் துணி உங்க தலைக்கு முள்ளும்மா. வெந்நீர்ல எட்டுப் பத்துத் தடவை அலசினாத்தான் மெத்துனு ஆகும். புதுசு வந்தா வீட்டுக்குக் கொண்டுபோயி அலசிட்டு வந்து வைப்பேன். நீலத்தையும் குடு. நாலு நாள் கழிச்சு வந்து வாங்கிக்க. பாப்பா தேடுவா இல்ல?"

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

டீச்சரம்மாவின் கை மெல்ல மேலே போய்த் தன் தலையிலிருந்த தொப்பியைத் தடவியது.

"நானும் அந்தக் கூடையிலதான் எடுத்தேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "எட்டு மாசமாப் போடுறேன். ஒரு நாளும் குத்தினதில்ல."