எட்டு மணி நேரத் தூக்கம்

மணி இரண்டே முக்கால். நான்கு மணி வரை கண்ணைத் திறந்து வைத்திருந்தால் சான்றிதழ் என் கையில். மூடினால் எல்லாம் போச்சு.

பேருந்து ஓட்டுபவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த ஐந்து நாள் பயிற்சியை முடித்தாக வேண்டும். கட்டணம் நம் கைக்காசு. அந்த ஐந்து நாளுக்குச் சம்பளமும் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் மாதம் பிறந்ததும் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது.

கட்டணத்துக்காக நான் யாரிடமும் கை நீட்டவில்லை. லீவு போட்டவர்களின் இரவு டியூட்டியை எல்லாம் கேட்டு வாங்கிப் பதினோரு இரவு ஓட்டினேன். மனைவி தடுத்துப் பார்த்தாள். கல் மாதிரி இருக்கிறேன், எனக்கு என்ன ஆகும் என்று சவடால் அடித்தேன்.

பதினோராவது இரவு, நேற்று. இன்று காலை ஆறு மணிக்கு வண்டியை டிப்போவில் ஒப்படைத்தேன். ஏழரைக்குக் கட்டணத்தின் மீதியைக் கட்டினேன். எட்டு மணிக்கு வகுப்பில் உட்கார்ந்தேன்.

கடைசி நாளான இன்றைய பாடம் என்ன தெரியுமா? களைப்பு. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

வகுப்பில் தூங்கினால் பெயரை அடித்துவிடுவார்கள். கட்டிய பணம் திரும்ப வராது. மறுபடியும் பணம் கட்டி முதல் நாளிலிருந்து வர வேண்டும். இரண்டாம் நாள் ஒருவர் கொட்டாவியோடு நிறுத்தாமல் குறட்டை வரைக்கும் போய்விட்டார். பயிற்சியாளர் குரலை உயர்த்தவே இல்லை. பதிவேட்டில் ஒரு கோடு போட்டார். மனிதர் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

திரையில் படம் காட்டுவதற்காக ஜன்னல்களை வேறு மூடிவிட்டார்கள். இருட்டு, தலைக்கு மேல் மின்விசிறி, ஏற்ற இறக்கமே இல்லாத குரல். தாலாட்டு ஒன்றுதான் பாக்கி.

தொடையைக் கிள்ளிக்கொண்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் 'ஹாரன்' உட்கார்ந்திருந்தார். எந்நேரமும் ஹாரனிலேயே கை வைத்திருப்பதால் டிப்போவில் அவருக்கு அந்தப் பெயர். என் பதினோரு இரவும் அவருக்குத் தெரியும். பாவம், பேனா முனையால் என் விலாவில் குத்திக் குத்தி அவருக்கே கை வலித்திருக்கும்.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண்ணை மூடினால், வண்டி அறுபத்தாறு மீட்டர் ஓடியிருக்கும் என்றார் பயிற்சியாளர்.

அறுபத்தாறு என்று நோட்டில் எழுதினேன்.

அடுத்து நான் பார்த்தது ஒரு லாரியின் பின்பக்கம். கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

பிரேக்கை ஓங்கி மிதித்தேன்.

மேசைக்கடியில் என் வலது கால் முன்னால் இருந்த நாற்காலியில் போய் அறைந்தது. அதில் இருந்தவர் துள்ளி எழுந்தார். முப்பது தலைகள் திரும்பின. எந்த மாதிரித் தூக்கத்தில் கால் அப்படிப் பாயும் என்று அந்த முப்பது பேருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயிற்சியாளர் பேச்சை நிறுத்தினார். பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குனீங்க?"

"எட்டு மணி நேரம் சார். கால் மரத்துப்போச்சு, அதான் உதறினேன்."

ஹாரன் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பயிற்சியாளரின் பேனா என் பெயருக்கு மேல் வந்து நின்றது. ஒரு கோடு போட்டால் பதினோரு இரவும் போய்விடும். இன்னொரு பதினோரு இரவுக்கு என் உடம்பில் இடமில்லை.

அவர் என் கண்களையே பார்த்தார். நானும் கண்ணை அகல விரித்து அவரைப் பார்த்தேன். இமைக்கக்கூடப் பயமாக இருந்தது.

பதிவேட்டை மூடிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. பயத்தில் தூக்கமும் ஓடிவிட்டது. நான்கு மணிக்குச் சான்றிதழ் கொடுத்து எல்லோரிடமும் கைகுலுக்கினார். என் கையைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தார்.

வெளியே வந்ததும் நானும் ஹாரனும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இவ்வளவு படித்த மனிதரை ஒரே வார்த்தையில் ஏமாற்றிவிட முடியும் என்று தெரிந்திருந்தால் நான் பயந்தே இருக்கமாட்டேன்.

சான்றிதழை டிப்போவில் காட்டிய கையோடு ஐந்தரை மணி வண்டியைக் கொடுத்தார்கள். ஐந்து நாள் சம்பளம் போன வீட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, நிலையத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

ஏறியவர்களில் நான்காவது ஆள் பயிற்சியாளர். தோளில் பை, ஒரு கால் படியில், ஒரு கை கம்பியில். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"ஏறுங்க சார், முன்சீட்டே காலியா இருக்கு."

மத்தியானம் பார்த்த அதே பார்வை. என் கண்களையே பார்த்தார். பிறகு படியிலிருந்து காலை எடுத்தார்.

"இல்லைங்க, நான் அடுத்த வண்டியில வந்துக்கிறேன்."

அடுத்த வண்டி ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் அது தெரியும்.

வேறு யாரிடமும் அவர் எதுவும் சொல்லவில்லை. கம்பியை விட்டு ஒதுங்கி வழிவிட்டார். பின்னால் நின்ற பெண் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, தன் இரண்டு பிள்ளைகளையும் முதலில் ஏற்றினாள்.