நாற்பத்திரண்டு கிலோ

"வேட்டியையும் அவுத்துட்டு நிக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார் சாமிக்கண்ணு. சட்டை, செருப்பு, இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடை மெஷின் மேல் ஏறியிருந்தார்.

"வேணாங்கய்யா, அது என்னா கால் கிலோ" என்று சிரித்தார் மெக்கானிக் ஜானகிராமன். முள் நாற்பத்தாறில் போய் நின்றது.

லாஸ்பேட்டை ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சாமிக்கண்ணுவின் மகன் எழிலரசனுடைய நாலு சீட் விமானம் இறக்கையைப் பிரித்துப் போட்டபடி நின்றது. புதுச்சேரியில் பணம் சேர்ந்தால் கடற்கரைப் பக்கம் வீடு வாங்குவார்கள். பிளாஸ்டிக் கம்பெனி வைத்துக் கொழித்த எழிலரசன் விமானம் வாங்கினான், தானே ஓட்டவும் கற்றுக்கொண்டான். இப்போது அதன் இருநூற்றுப் பத்து லிட்டர் பெட்ரோல் டேங்கை எடுத்துவிட்டு, முந்நூற்று இருபது லிட்டர் பிடிக்கிற டேங்கை மாட்டிக்கொண்டிருந்தார் ஜானகிராமன்.

எல்லாம் அப்பாவுக்காக. மில்லில் முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து மகனை ஆளாக்கிய சாமிக்கண்ணுவுக்கு ஒரே ஆசைதான் பாக்கி. காசிக்குப் போய்க் கங்கையில் ஒரு முழுக்குப் போட வேண்டும். ரயிலில் ரெண்டு நாள் உட்கார்ந்து போக அவருடைய நுரையீரல் இடம் கொடுக்காது. "நம்ம பிளேன்லயே போயிடலாம்பா" என்று மகன் சொன்ன அன்றைக்கு மனிதர் அழுதேவிட்டார்.

பழைய டேங்கை வைத்துக்கொண்டு போனால் வழியில் எங்காவது இறங்கிப் பெட்ரோல் போட்டாக வேண்டும். அதற்கு எழிலரசன் சம்மதிக்கவே இல்லை.

"நடுவுல எங்கயும் எறங்கவே கூடாதுன்னு ஐயர் கண்டிச்சு சொல்லிட்டாரு. இங்க கெளம்புனா நேரா கங்கைதான்" என்றான்.

பெட்ரோல் கூடினால் ஆள் எடை குறைய வேண்டும். புது டேங்கை நிரப்பிவிட்டு ஏறுகிறவர்கள் மொத்தம் இருநூற்று எழுபது கிலோவைத் தாண்டக் கூடாது என்றார் ஜானகிராமன். எழிலரசன் எண்பத்தாறு, அவன் மனைவி மேனகா அறுபத்துநாலு, மேனகாவின் அம்மா ராஜாம்பாள் எழுபத்தெட்டு. மிச்சம் நாற்பத்திரண்டு. சாமிக்கண்ணு அப்போது ஐம்பத்தொரு கிலோ.

சம்பந்தியம்மாவைப் பார்த்து இளைக்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த அம்மாள் இதோ, கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உளுந்து வடை தின்றுகொண்டிருக்கிறார். இளைத்தது சாமிக்கண்ணுதான். மூன்று வாரமாகக் காலையில் ஒரே ஒரு இட்லி, மதியம் வெறும் ரசம், ராத்திரிக்குத் தண்ணீர். போதும் என்று அவர் கையைக் காட்டினால் மேனகா உடனே தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நல்ல மருமகள், பெரியவர் பேச்சைத் தட்ட மாட்டாள்.

"அஞ்சு கிலோ எறக்கிட்டேன் பாத்தியா எழிலு! இன்னும் நாலுதான்."

"சூப்பர்பா" என்றான் எழிலரசன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்படியே உடாம இரு."

சாமிக்கண்ணு மெஷினிலிருந்து இறங்கினார். இறங்கும்போது கால் தடுமாறி ஜானகிராமனின் தோளைப் பிடித்துக்கொண்டார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

"நடக்கச்சொல்ல கண்ணு இருட்டிக்கினு வருதுப்பா" என்றார் தயங்கி. "கங்கைக்குப் போற வரைக்கும் தாங்குவனா?"

"அதெல்லாம் யோசிக்காத. நீ கண்டிப்பா காசிக்கு வருவ. நான் இருக்கன் இல்ல?"

அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு. முகமெல்லாம் மலர்ந்துபோய், விமானத்தின் ஜன்னலை வேட்டி நுனியால் ஒருமுறை துடைத்துவிட்டார். குருசுக்குப்பத்தில் இருக்கும் தன்னோடு வேலை பார்த்த மில்காரர்கள் எல்லாருக்கும் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

வாசலில் ராஜாம்பாள் பொட்டலத்தை நீட்டினார். "ஒரே ஒரு வடை எடுத்துக்குங்க, சூடா இருக்குது."

வாசனை மூக்கில் ஏறியது. சாமிக்கண்ணு எச்சிலை விழுங்கிக்கொண்டு இரண்டு கைகளையும் கூப்பினார். "வேணாம் சம்பந்தியம்மா. காசில முழுக்குப் போட்டுட்டு வந்து உங்க கையால சாப்புடுறன்."

டிரைவர் கைத்தாங்கலாக அவரைக் கூட்டிப் போய்க் காரில் உட்கார வைத்தார். கதவு சாத்திக்கொண்டது. பாவம், கண்ணாடிக்குள்ளிருந்து மகனுக்குக் கையாட்டினார்.

ஜானகிராமன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு ஃபாரத்தை எடுத்து வைத்தார். நாலு பேர் எடைக்கு நாலு கட்டம். மூன்று நிரப்பியாகிவிட்டது.

"சார், டேங்குக்கு அனுமதி வரவே தை மாசம் ஆயிடும். இப்ப ஆடிதான். அதுக்குள்ள ஐயா தாராளமா நாப்பத்திரண்டுக்கு வந்துடுவாரு. நாப்பத்திரண்டுன்னே எழுதிடவா?"

எழிலரசன் அப்பாவுக்குப் பதிலுக்குக் கையாட்டிக்கொண்டே சொன்னான்:

"மூணு கிலோன்னு எழுதுங்க, அஸ்திச் சொம்போட சேத்து."