தளர்ந்த ஸ்க்ரூ
உப்பளத்தில் பட்ட மதிய வெயில் ஜன்னல் வழியே கண்ணைக் கூச வைக்கிறது. ஒவ்வொரு பாகமாக வாங்கித் தானே பூட்டிய கேமிங் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருக்கிறாள் கீதாஞ்சலி. நாளை ஆன்லைன் போட்டியின் இறுதிச்சுற்று. நேற்றிலிருந்து, ஆட்டம் தொடங்கியதுமே பிராசஸர் சூடேறி மெஷின் அணைந்துவிடுகிறது. “உப்புக் காத்துக்கு இதெல்லாம் தாங்காது. வித்துத் தொலைச்சிட்டு வீட்டு வேலையப் பாரு” என்கிறான், கட்டிலில் படுத்திருக்கும் கணவன் சாலமன். ஃபேன் சுற்றுகிறது, தூசியும் இல்லை. பிராசஸரை அழுத்திப் பிடிக்க வேண்டிய கூலரோ விரல் பட்டதும் ஆடுகிறது. போன வாரம் அவளே இறுக்கிய நாலு ஸ்க்ரூவும், துளி துருவில்லாமல், தளர்ந்திருக்கின்றன. சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி நாலையும் முறுக்குகிறாள். ஆட்டத்தை ஓடவிட்டும் சூடு அறுபது டிகிரியில் நிற்கிறது. “உப்புக் காத்து ஸ்க்ரூவைக் கழட்டாதுங்க” என்கிறாள், திரும்பிப் பார்க்காமல். கட்டில் கிறீச்சிடுகிறது. எந்த ஸ்க்ரூ என்று சாலமன் கேட்கவில்லை.