கானாங்கோழியின் பதில்

கோரைக்குள்ளிருந்து பதில் வந்துவிட்டது.

கிளெமென்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா மேடம்? கானாங்கோழி! எதுத்த கரையில இருக்கு!" என்று வனத்துறை அதிகாரி மணிமேகலையிடம் கிசுகிசுத்தார்.

ஆத்தூர்ப் பக்கத்துச் சின்னக் குளம் அது. திண்டுக்கல் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் கிளெமென்ட், ஞாயிறு தவறாமல் வந்து பறவைக் கணக்கெடுப்பவர். கானாங்கோழி லேசில் கண்ணில் படாது. பதிவு செய்த அதன் குரலைப் போனில் போட்டால், வேற்றுக் கோழி நுழைந்துவிட்டதென்று உள்ளே இருப்பது சண்டைக்குக் கூவும். அதை வைத்துத்தான் கணக்கு. ஆனால் கொஞ்ச காலமாக ஒரு கோழியும் வாய் திறக்கவில்லை.

கோரையை வழித்துவிட்டுப் படகுத்துறை கட்ட ஆட்கள் தயாராக நின்றார்கள். "ஒரே ஒரு கோழி இருந்தாலும் கோரையில கை வைக்க விடமாட்டேன் சார். ஆனா நானே கேக்கணும்" என்று சொல்லியிருந்தார் மணிமேகலை. அவருக்கு நேரம் ஒழிந்தது இந்தப் புதன்கிழமைதான்.

"எதுக்கும் இன்னொரு தடவை போடுங்க சார்."

போட்டார். போன வருடம் இதே கரையில் அவரே பதிவு செய்த குரல். கூவல் முடிகிற இடத்தில் மாதா கோயில் மணியும் ஒரு தட்டுத் தட்டும். அதை வெட்டியெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மடையைப் பார்த்துக்கொள்ளும் மொக்கைச்சாமிக்குக்கூட அனுப்பி, "கேட்டுப் பழகிக்கப்பா, எங்கயாச்சும் கூவுனா எனக்குப் போன் போடு" என்று சொல்லிவைத்திருந்தார்.

"குவாக்... குவாக்..." கோரைக்குள்ளிருந்து மறுபடியும் பதில். அதைத் தொட்டு, தேய்ந்த மணிச்சத்தம் ஒன்று.

"புதன்கிழமை இந்நேரத்துல கோயில்ல என்ன சார்?"

"துக்க மணியா இருக்கும் மேடம்" என்று சிலுவை போட்டுக்கொண்டார் கிளெமென்ட். செத்தது யாரென்று யோசிக்கிற மனநிலையில் அவர் இல்லை. சந்தோஷம் தலைக்கு ஏறியிருந்தது.

"போதும் சார். இன்னைக்கே எழுதிடறேன். படகுத்துறை கிடையாது."

கிளெமென்ட்டுக்குக் கண்ணாலும் ஒரு தரம் பார்த்துவிட வேண்டுமென்று ஆசை. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கரையைச் சுற்றிப் போய், மூச்சை அடக்கிக் கோரையை விலக்கினார்.

முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான் மொக்கைச்சாமி. அவன் முன்னால் கண்ணி விரித்திருந்தது. கோரைத் தட்டையில் அவன் போன் கட்டித் தொங்கியது.

காலடி கேட்டும் அவன் திரும்பவில்லை. கூட்டாளி என்று நினைத்துவிட்டான்.

"ஏலே, அசையாத! அம்புட்டையும் புடிச்சுத் தின்னு தீத்துட்டோம்னு நெனச்சேன், ஒண்ணு மிஞ்சிருக்குடா. இப்பத்தான் எதுத்த கரையில ரெண்டு தடவ கூவுச்சு!"