சுருதி சேர்த்தவர்

"ஒரு சுடுசொல் அறியாத மனிதர்," என்றார் சபைப் போதகரான ஐயர், மைக்கில்.

பாடகர் குழுவில் யாரோ இருமினார்கள்.

பின்வரிசையில் நின்ற அவன் தன் இடது கை மோதிர விரலைத் தடவிக்கொண்டான். அது நிமிராது. கல்யாணத்தன்று மோதிரத்தைப் பக்கத்து விரலில் போட்டார்கள்.

பீடத்தின் முன்னால், மாலை போட்ட படத்தில், ஞானையா மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். படம் எடுத்தவன் எப்படிச் சாதித்தானோ. குழுவில் அந்தச் சிரிப்பைப் பார்த்தவர் கிடையாது.

ஐயர் மாஸ்டரையே பார்த்தது கிடையாது. புதிதாக மாற்றலாகி வந்தவர். அதனால் தங்கு தடையில்லாமல் பேசினார்.

"அன்பினாலேயே குரல்களைச் சுருதி சேர்த்தார்!"

அந்த அன்பு எஃகில் செய்தது. ஒரு காம்பு, இரண்டு பல். தட்டினால் சுருதி கொடுக்கும் இசைக்கவை.

யாராவது பிசகினால் மாஸ்டர் வரிசைக்குள் நடந்து வருவார். பிசகியவரின் வலது கையில் பாட்டுப் புத்தகம் இருக்கும். இடது கையை நீட்ட வேண்டும். விரல் கணுவில் ஓங்கி ஓர் அடி. பிறகு கவையைத் தன் காதருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார்.

"எலும்புல தட்டுனாத்தாம்ல சுத்தமா கேக்கும்."

ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் கவையோடு சேர்ந்து அவன் விரலும் சத்தம் போட்டது. புத்தகத்தில் ரத்தம் சொட்டியது. மாஸ்டர் பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பாடச் சொன்னார்.

பாடினான்.

சுருதி சரியாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பக்கத்தில் எட்வின் அண்ணன். மாஸ்டர் விட்ட ஓர் அறையில் இடது காது போனவர்.

"என்னடே சொல்லுதாரு ஐயரு?"

"மாஸ்டர் நல்லவராம்ண்ணே."

"எந்த மாஸ்டரு?"

மாஸ்டரின் மனைவி எழுந்து வந்தார். கையில் வெல்வெட் பெட்டி. அதற்குள் கவை.

"அவரு விட்டதுக்கப்புறம் இத்தனை வருசமா குழுவுக்கு மாஸ்டரே அமையல. இனிமே நீதாய்யா மாஸ்டர். உம் மவ குரலு ஒரு நாளாவது பிசகுதா? நீ வீட்டுல எப்படிச் சொல்லிக்குடுப்பேன்னு அதுலயே தெரியுதே."

மாட்டேன் என்று சொல்லத்தான் வந்திருந்தான். காலையில் கண்ணாடி முன்னால் சொல்லியும் பார்த்திருந்தான்.

சபை கைதட்டியது. நினைவு ஆராதனையில் தட்டக் கூடாது என்று ஞாபகம் வந்ததும் நிறுத்தியது.

பெட்டியை வாங்கிக்கொண்டான்.

அடுத்து மாஸ்டருக்குப் பிடித்த கீர்த்தனை. ஆர்கன் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். அவர் இறந்தும் அது இறக்கவில்லை.

அவன் குழுவின் முன்னால் போய் நின்றான். கவையை எடுத்தான்.

நினைத்ததைவிட லேசாக இருந்தது.

ஓங்கினான்.

பின்வரிசை ஆண்கள் அத்தனை பேரின் இடது கையும் முதுகுக்குப் பின்னால் போனது. பேங்க் மேனேஜர். ஹெட்மாஸ்டர். பேரன் பேத்தி எடுத்த எட்வின் அண்ணன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜையில்தான் தட்டப்போகிறேன், பயப்படாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தான்.

முன்வரிசையில் அவன் மகள்.

அவள் பிறப்பதற்கு முன்பே மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவரிடம் அவள் ஒரு நாளும் பாடியதில்லை.

வலது கையில் பாட்டுப் புத்தகம்.

இடது கையைக் காணோம்.