சமையலறை வாசலில் ஓர் எல்லை

ஒரே மாதிரி வாக்களிப்பவர்களை ஒரே தொகுதியில் சேர்த்து, கணினியே எல்லை வரைந்துகொண்டிருந்த காலம் அது. வியாசர்பாடியில் வட்டச் செயலாளர் தனசேகரின் வீட்டுக்கு ஒரு காலையில் தேர்தல் ஆணைய ஊழியர் வந்தார். சமையலறை வாசலில் மஞ்சள் கோடு இழுத்தார்.

“இன்னாப்பா இது? இருபத்தஞ்சு வருசமா எங்க வூட்ல ஒரே கட்சிக்குத்தான் ஓட்டு!”

“ஆமா சார். ஆனா இந்தத் தடவ அம்மா மாத்திப் போடுவாங்கன்னு கம்ப்யூட்டர்ல வந்திருக்கு.”

தனசேகர் மனைவி வசுமதியைத் திரும்பிப் பார்த்தார். மாற்றிப் போட்டால் என்ன என்று நேற்றுக் குளிக்கும்போது அவள் ஒரு நொடி நினைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

“யாருக்குப் போடப்போற?”

“எனக்கே இன்னும் தெரியாதுங்க.”

ஊழியர் காகிதத்தைப் புரட்டினார். “பேரு இருக்கும்மா. சொல்லட்டுமா?”

“வேணாம்!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.