ஐந்தரை மணிச் சங்கு

கண்ணுகளா, கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். ஒரு சங்கு ஊதி அடங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுகிற கதைதான். காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள்.

தனக்கொடியின் கட்டைவிரல் கம்பெனிச் சங்கின் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. இன்னும் அழுத்தவில்லை.

தட்டாஞ்சாவடியில் மருந்துக்கு அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி அது. அங்கே ஒரு வழக்கம். இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர், அது நிறைகிற நாளில் சாயங்காலச் சங்கைத் தன் கையால் ஊதுவார். ஊதி முடித்ததும் எல்லோரும் கூடி நிற்பார்கள். கூட வேலை செய்தவர்கள் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்திருப்பார்கள். மேனேஜர் அதை வாசித்து, ஷீல்டைக் கையில் கொடுப்பார். அப்புறம் காபி, மிக்சர்.

இதுவரை ஆறு பேர் ஊதியிருக்கிறார்கள். ஒருவருக்கும் தனக்கொடி நின்று கைதட்டியதில்லை.

எப்படி நிற்பாள்?

ஐந்தரைக்குச் சங்கு. ஐந்து முப்பத்திரண்டுக்கு முனையில் உப்பளம் பஸ். அதை விட்டால் அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்து.

வீட்டில் ராஜவேல். ஒரே மகன், வயது முப்பது. பகலெல்லாம் பக்கத்து வீட்டு ஜீனத்துன்னிசா பார்த்துக்கொள்வாள். அவனுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் ஆறு மணி தெரியும். ஆறுக்கு அம்மா வாசலுக்கு வரவில்லை என்றால் கதவு நிலையில் தலையை முட்டிக்கொள்வான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவள் பஸ்ஸை விட்டாள். முனையில் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அன்றைய தழும்பு இன்னும் அவன் நெற்றியில் இருக்கிறது.

கம்பெனியில் இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால் பாவம் பார்ப்பார்கள். பாவம் பார்க்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்து பெட்டி மடிக்க அவளால் ஆகாது.

அதனால் ஓடினாள். கேட்டிலிருந்து முனைக்கு யார் ஓடினாலும் நாலு நிமிடம்.

"என் காலுக்கு ரெண்டே நிமிஷம், ஜீனத்து," என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கால்களை நினைத்து அவளுக்கு அவ்வளவு பெருமை.

கம்பெனியில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அடுத்த மேசை மாலா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "யக்கா, இன்னைக்குச் சங்கு ஊதப் போறேன்னு வீட்ல சொல்லிட்டியா? மாலையோட வந்துடப் போறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் நாளெல்லாம் ஒன்றுதான் உள்ளே அரித்தது. யாருக்கும் நிற்காதவளைப் பற்றி இவர்கள் என்ன எழுதியிருப்பார்கள்?

இன்று முறை மாறியிருந்தது. சங்குக்கு முன்பே மெஷினை நிறுத்தி, எல்லோரையும் வாட்ச்மேன் அறை முன்னால் கூப்பிட்டுவிட்டார்கள். மேனேஜர் சிலம்பரசன் தாளைப் பிரித்து வாசித்தார்.

'தனக்கொடி அக்கா இருபத்தைந்து வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் பஸ்ஸை விட்டிருக்கிறார். அதில் எங்கள் எல்லோருக்கும் பெருமை.'

அவ்வளவுதான் வரி.

தனக்கொடிக்கு முகம் சுட்டது. குத்திக் காட்டுகிறார்கள். காட்டட்டும், நியாயம்தான். ஷீல்டை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். தலையைக் குனியவில்லை.

அந்த ஒரு நாள் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்பது மட்டும் பிடிபடவில்லை.

வாட்ச்மேன் பலராமன் அவளை அறைக்குள் கூப்பிட்டுப் பொத்தானைக் காட்டினார். அவர்தான் ஆரம்பத்திலிருந்து தினமும் சங்கு ஊதுகிறவர். கம்பெனியில் இருக்கிற ஒரே கடிகாரமும் அந்த அறையில்தான். செல்போனையும் காலையில் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் அவளுடையதை மட்டும் ஜன்னல் விளிம்பில் தயாராக வைத்திருப்பார். ஓடுகிற ஓட்டத்தில் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள்.

அந்த அறைக்குள் அவள் வருவது இதுதான் முதல் தடவை.

"அழுத்தும்மா," என்றார் பலராமன்.

அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து இருபத்தெட்டு.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கேண்ணா."

பலராமன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா. இருவத்தஞ்சு வருசமா இதான் நேரம்," என்றார். "அன்னைக்கு முனையில நின்னு அழுதியே. ஏன்னு நாங்க யாரும் கேட்டுக்கல. டீக்கு விடுற நேரத்துல ரெண்டு நிமிஷத்தக் கழிச்சிக்கினோம், அவ்ளோதான்."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள்.

அறுபது பேர். ஒருவரும் கேட்டைப் பார்த்து நகரவில்லை. இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஓர் ஆள் ஓடுவதற்கு வழி விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். மாலா கண்ணைத் துடைத்துக்கொண்டே சும்மா மேகத்தைப் பார்ப்பதுபோல நின்றாள்.

தனக்கொடி அழுத்தினாள்.

இத்தனை வருடமும் முதுகுக்குப் பின்னால் கேட்ட சங்கை, நின்று முழுதாகக் கேட்டாள்.

"போதும்க்கா, பஸ் வந்துடும்," என்று மாலாதான் கத்தினாள்.

அன்றைக்கு அவள் ஓடவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான், கண்ணுகளா. ஓடினாள். ஷீல்டை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு பக்கக் கைதட்டலுக்கும் நடுவே, கழுத்தை நிமிர்த்தி ஓடினாள். ஆறு அடிக்கும்போது ராஜவேலின் வாசலில் நின்றாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்காக, காரணம் கேட்காமல், எங்கோ ஒரு கை இரண்டு நிமிடம் முன்னதாகவே கதவைத் திறந்து வைத்திருக்கட்டும். எல்லோரும் வேளையோடு வீடு சேர்ந்து நல்லா இருங்கள்.